பரண்ல இருக்கற பேனர்

பாப்பா,

நல்லா இருக்கியா, அங்க குளிர் எப்டி இருக்கு. அம்மா போன்ல சொல்லியிருப்பா, பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும் பரண்ல இருக்கற பேனர தூக்கி போடுன்னா அப்பா சண்டைக்கு வர்றாருன்னு. ஆமா வந்தேன். அது இன்னா பேனருன்னு அவ சொல்லியிருக்க மாட்டா.

பக்கெட் மாமா ஞாபகம் இருக்கா? 2017 ஜனவரில ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் ஒதுங்குச்சே, எர்ணாவூர் கரையில பெயிண்ட் பக்கெட்ட வச்சிகினு அள்ளுனாரே, அதுலேர்ந்து அந்த பேரு. மார் வரைக்கும் தண்ணியில உக்காந்து கையாலயே இறா தடவுறவரு, தொட்டவுடனே வெள்ளை இறாவா கருவண்டு இறாவான்னு சொல்லிடுவாரு. அனல்மின் நிலையத்து சாம்பல் பைப்பு ஒடைஞ்சி ஒடைஞ்சி ஆத்துல கலந்து அடிமண்ணு சிமெண்டாட்டம் ஆனப்போ, "கை எறங்க மாட்டேங்குது தம்பி"ன்னு என் கையப் புடிச்சி தண்ணிக்குள்ள வுட்டு காட்டினாரு. அதுவரைக்கும் நான் சும்மா மனு எழுதி குடுத்துகினு இருந்தவன்தான்.

டீச்சரம்மாவும் அப்டித்தான், 1996-ல ஒப்புதல் ஆன கடலோர மேப்ப லேமினேஷன் போட்டு பையிலயே வச்சிருப்பாங்க, எந்த மீட்டிங்கா இருந்தாலும் மேஜையில விரிச்சி "நீங்க சொல்ற எடம் இதுல தண்ணியாச்சே சார்"ம்பாங்க. 2021-ல கொரோனா கொண்டுபோச்சி, மூஞ்சிகூட பாக்க முடியல. அத இன்னொரு நாள் எழுதறேன்.

மாமாவுக்கு பேனர்னாலே ஆவாது. சாவுக்கு கட்டினாலும் காதுகுத்துக்கு கட்டினாலும் கடைசில எண்ணூர் கழிமுகத்துல அலையாத்தி வேர்லதான் வந்து மாட்டுது, நாந்தான் அவுக்கறேன்னு கத்துவாரு. 2023 ஐப்பசில அவரே போய்ட்டாரு, குப்பத்து பசங்க கேப்பானுங்களா, பத்தடிக்கு கண்ணீர் அஞ்சலி, முறுக்கு மீசையோட. டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சிது, பேனர் போன எடம் தெரியல. அதோட வுட்டுச்சா, வெள்ளத்தோட வெள்ளமா பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணெய் வந்து கழிமுகம் பூரா கருப்பு, கூழைக்கடாங்க றெக்கையெல்லாம் பிசுக்கு புடிச்சி கரையில நிக்குதுங்க. மறுபடி மக்கும் பக்கெட்டுமா எறங்குனோம். வேருக்குள்ள ஒரு ஷீட்டு மாட்டிகினு இருந்துச்சி, இழுத்தா கனமா வருது, மூட்டையில திணிக்கலாம்னு மடிச்சா எழுத்து தெரியுது. துணியில மண்ணெண்ணெய் தொட்டு தொடச்சேன், மொதல்ல மீசைதான் வந்துச்சி. கூட இருந்த பையன் சிரிச்சிட்டான், அப்புறம் என்னாலயும் அடக்க முடியல. எந்திரிச்சி வந்தா எப்டி திட்டியிருப்பாரு!

நாத்தம் அடிக்குதுன்னு உங்கம்மா சொல்றது பொய்யில்ல, மழைநாள்ல பரண்லேர்ந்து மண்ணெண்ணெய் வாடை எறங்குது. ஆனா குப்பையில போட்டா அது திரும்ப எங்க போய் மாட்டும்னு எனக்கு தெரியுமே. நீ கொஞ்சம் அவகிட்ட பேசு. வரப்போ ஒரு பழைய செருப்பு எடுத்துனு வா, காட்டுக்குப்பம் பக்கம் போட்ல போலாம், நல்ல செருப்பு அங்க தாங்காது.

அப்பா