ஒத்து நிற்கக் கூடாது

கும்பகோணம்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. பெண்ணுக்கு வரன் அமைந்த செய்தியை என் மனைவி எனக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தாள், எப்படியென்று கேட்காதே. தேதி குறித்ததும் சொல், லீவு போட வேண்டும்.

இனி உன் இணைய வானொலி விஷயம். டொராண்டோவில் நீ முடித்து லண்டன் நண்பர் தொடங்கும் இடைவெளியில் கேட்பவர்களில் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆள் மாறும்போது ரேடியோவே நின்றுவிட்டால் வேறென்ன நடக்கும்? உங்கள் ஒலியைக் கேட்பவர்களுக்கு அனுப்பும் சர்வர் மென்பொருளான ஐஸ்காஸ்ட்டில் ஒரு மவுண்டில், அதாவது ஒரு ஒலிபரப்பு முகவரியில், ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஏற முடியும். நீ இறங்காமல் அவர் ஏறப் பார்த்தால் சர்வர் விடாது. நீ இறங்கிய கணமே கேட்பவர்களின் இணைப்பும் அறுந்துவிடும். இதற்கு யாரும் குற்றவாளி இல்லை, அமைப்பே அப்படி.

நம் ஊர் நாதஸ்வரக் கச்சேரியில் வித்வான் மூச்சு வாங்கும்போதும் பக்கத்தில் ஒரே சுருதியை ஊதிக்கொண்டிருக்கும் ஒத்து நிற்காது, ஞாபகமிருக்கிறதா? உன் சர்வருக்கும் அப்படி ஒன்று வேண்டும். பாட்டுகளை மட்டும் தானாக ஓட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு மவுண்ட்டை வைத்து, நேரலை மவுண்ட்டுக்கு அதை ஃபால்பேக்-மவுண்ட், அதாவது மாற்று மவுண்ட், என்று குறித்துவிடு. நீ இறங்கியதும் கேட்பவர்களை சர்வரே அங்கே நகர்த்திவிடும். ஃபால்பேக்-ஓவர்ரைட் என்ற அமைப்பை 1 ஆக்க மறக்காதே. இல்லையென்றால் லண்டன்காரர் பேசத் தொடங்கிய பிறகும் பழைய ஆட்கள் பாட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள்; அவர் ஆளில்லாத அறையில் பேசுவார்.

இரண்டு மவுண்ட்டும் ஒரே வார்ப்பில் இருக்க வேண்டும். ஒன்று எம்பி3, 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் மற்றதும் அதேதான். இது மாறினால் சில பிளேயர்கள் திணறி நின்றுவிடும்.

நெட் திடீரென்று செத்துப்போனால் கதை வேறு. ஒழுங்காகத் துண்டிக்காமல் போனவருக்காக ஐஸ்காஸ்ட் வழக்கமாக 10 விநாடி காத்திருக்கும். கேட்பவரின் பிளேயரில் சேர்ந்திருக்கும் ஒலிக் கையிருப்போ அவ்வளவு இருக்காது. இணையும்போது சர்வர் முன்கூட்டித் தருவது சாதாரணமாக 64 கிலோபைட். 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) ஓட்டத்துக்கு, எட்டால் வகுத்தால், விநாடிக்கு 16 கிலோபைட் வேண்டும், ஆக நாலு விநாடிச் சரக்கு. மிச்ச ஆறு விநாடியும் திரையில் வட்டம் சுற்றும். அதற்குள் பலர் மூடிவிடுவார்கள்.

ஆகவே என் கட்சி லிக்விட்சோப். பிரான்ஸில் லியோன் நகரத்து மாணவர்கள் தொடங்கிய மென்பொருள். நீயும் லண்டன்காரரும் உங்கள் மூன்றாவது அறிவிப்பாளரான கோவைத் தம்பியும் அதில் தனித்தனி வாசலில் வந்து சேருங்கள். வருவதையெல்லாம் பிரித்து, புதிதாக ஒரே ஓட்டமாகச் சுருட்டி ஐஸ்காஸ்ட்டுக்கு அனுப்பும். ஐஸ்காஸ்ட்டைப் பொறுத்தவரை ஆள் மாறவே இல்லை. யாருடைய நெட் போனாலும் அந்த வாசலின் கையிருப்பு தீர்ந்ததும் பாட்டு எடுத்துக்கொள்ளும். லிக்விட்சோப் ஃபைலில் ஃபால்பேக் வரியில் ட்ராக்-சென்சிட்டிவை ஃபால்ஸ் ஆக்கிவிடு. இல்லாவிட்டால் ஓடுகிற பாட்டு முடியும்வரை அது அசையாது, அறிவிப்பாளரின் வணக்கம் பாட்டுக்கடியில் போய்விடும். கோடு எழுத அலுப்பாக இருந்தால் அசுராகாஸ்ட் என்ற ரெடிமேட் வானொலி மென்பொருளைப் போடு. ஐஸ்காஸ்ட்டும் லிக்விட்சோப்பும் அதற்குள்ளேயே இருக்கின்றன, ஒவ்வொருவருக்கும் தனி லாகினும் தரலாம்.

மைக்கை மூடிவிட்டு டீ குடிக்கப் போகிற ஆசாமிகளை இவை எதுவும் கண்டுபிடிக்காது. இணைப்பு உயிரோடுதானே இருக்கிறது! லிக்விட்சோப்பில் பிளாங்க்.ஸ்ட்ரிப் என்று ஒன்று உண்டு. நீ சொல்லும் நேரத்துக்கு மேல் மௌனம் நீண்டால் அந்த ஆளை ஒதுக்கிவிடும். கோவைத் தம்பிக்கு அவசியம்.

கைமாற்றும்போது உங்கள் ரேடியோவையே கேட்டு நேரம் பார்க்காதீர்கள், அது பல விநாடி பிந்தித்தான் வரும். வாட்ஸ்அப் காலில் எண்ணிக்கொள்ளுங்கள். மார்ச்சில் உங்கள் ஊர்க் கடிகாரம் இரண்டாம் ஞாயிறு மாறும், லண்டனில் கடைசி ஞாயிறு, இங்கே மாறவே மாறாது. அந்த இடைப்பட்ட வாரங்களில் நிகழ்ச்சி நிரலை யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதுங்கள், சண்டை வராது.

உன் லிக்விட்சோப் ஃபைலை அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் தருகிறேன். பாஸ்வேர்டை அழித்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
சந்துரு