சான்றிதழுக்குப் பின்னர் பெண் தொழில்முயற்சியாளர்களுக்குத் துணை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுதொழில் செய்யும் பெண்களுக்குப் பிரதேச செயலகங்களும், மகளிர் பணியகமும், தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபையும், தொண்டு நிறுவனங்களும் பயிற்சிகளை நடத்திவருவது வரவேற்கத்தக்கது. எனினும் அவற்றுட் பல, சான்றிதழ் வழங்கும் வைபவத்துடன் முடிந்துவிடுகின்றன. அந்தப் பெண்களுக்கு உண்மையான துணை தேவைப்படுவது அதற்குப் பிந்திய ஓராண்டிலேயே என்பதை உங்கள் பத்திரிகை வாயிலாக வலியுறுத்த விரும்புகிறேன்.

பேராதனைப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சுரேஷ் டி மெல் உள்ளிட்ட மூவர், கொழும்பிலும் கண்டியிலும் பெண்களிடையே மேற்கொண்டு 2014 இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. ஏற்கெனவே தொழில் நடத்திவந்த பெண்களுக்குச் சர்வதேச தொழில் அமைப்பின் பாடநெறியில் பயிற்சி மட்டும் வழங்கப்பட்டபோது அவர்களின் இலாபம் உயரவில்லை. பயிற்சியுடன் 15,000 ரூபாய் நன்கொடையும் கிடைத்தவர்களின் இலாபம் முதற் சில மாதங்களில் நன்கு உயர்ந்தாலும், அந்த உயர்வு இரண்டாம் ஆண்டில் மறைந்துபோயிற்று. பயிற்சி பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தொடர்ச்சியில்லாத உதவி நிலைக்காது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ வீட்டில் மிளகாய்த்தூள் அரைத்து, முறுக்கும் மிக்ஸரும் பொதிசெய்து அயலவர்களுக்கு விற்கும் ஒரு பெண், அவற்றைக் கடைகளுக்குக் கொடுக்க முனையும்போது என்ன நேர்கிறது என்பதைப் பாருங்கள். முதலில் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலுடன் வியாபாரப் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சமையலிடத்தைப் பார்வையிட வேண்டும். 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழான விதிகளின்படி, சேர்மானங்கள், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உற்பத்தியாளரின் பெயர், முகவரி ஆகியன பொதியின் மீதுள்ள சுட்டியில் (லேபலில்) இருக்க வேண்டும். சுப்பர் மார்க்கெட் என்றால் பார்கோடும் வேண்டும். வகுப்பில் இவை ஒரு பிற்பகலில் சொல்லி முடிக்கப்படுகின்றன. ஆனால் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போதுதான் சந்தேகங்கள் எழுகின்றன, அவ்வேளையில் கேட்பதற்கு எவருமில்லை. தொடர்மாடியின் சிறிய வீட்டில் சமையலறையைத் தவிர வேறு இடமே இல்லாதவர், சமையலிடம் பற்றிய நிபந்தனைகளை எவ்வாறு நிறைவேற்றுவது என்ற கேள்விக்கு அந்த வகுப்புகளில் விடை கிடைப்பதும் அரிது.

இவற்றையெல்லாம் தாண்டிப் பொருளைக் கடையில் வைத்தாலும், பணம் வாரங்கள் கழித்தே கைக்கு வருகிறது. அடுத்த தொகுதிக்கு மிளகாயும் எண்ணெயும் வாங்க அவர் நகையை அடகுவைக்கிறார், அல்லது வாராந்தத் தவணைக் கடனை நாடுகிறார். நன்றாக விற்பனையாகும் பொருளைத் தயாரிப்பவர்களே இதனால் தொழிலைக் கைவிடுவது வேதனைக்குரியது. ஆகவே, கடைக்காரரின் பற்றுச்சீட்டை ஆதாரமாக ஏற்று, குறைந்த வட்டியில் குறுகியகாலச் சுழற்சிக் கடன் வழங்க அரச வங்கிகள் முன்வர வேண்டும்.

மொழியையும் நேரத்தையும் குறித்தும் சொல்ல வேண்டியுள்ளது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்ட பின்னரும், சில பயிற்சிகளில் பாடக் குறிப்புகள் சிங்களத்தில் மட்டுமே தரப்படுகின்றன; பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்த்துச் சொல்வதைக் கேட்டு விலை நிர்ணயமும் கணக்கும் கற்றுக்கொள்வது எளிதன்று. காலை ஒன்பது மணி முதல் மாலை வரை நடைபெறும் வகுப்புகளுக்கு, பாடசாலை விடும் நேரத்தில் பிள்ளைகளை அழைத்துவர வேண்டிய தாய்மாரும், இடியப்பமும் பார்சல் சோறும் விற்று அன்றன்றாடம் உழைப்பவர்களும் வர முடியாது. அரை நாள் வகுப்புகளாக நடத்துவதற்குப் பெருஞ்செலவு எதுவும் ஏற்படப்போவதில்லை.

ஒவ்வொரு பிரதேச செயலகமும், பயிற்சி பெற்ற பெண்களின் பெயர்ப்பட்டியலை வைத்திருந்து, தமிழில் உரையாடக்கூடிய ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தரை அவர்களுக்குப் பொறுப்பாக நியமித்து, ஓராண்டுக்கு மாதம் ஒரு முறையேனும் அவர்களைச் சந்திக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அவரைச் சந்திக்கக்கூடிய நாளையும் நேரத்தையும் சான்றிதழ் வழங்கும் அன்றே அவர்களுக்கு எழுத்தில் அறிவிக்குமாறு சம்பந்தப்பட்ட அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
வாசகி ஒருவர்,
கொழும்பு – 13.