ஏழாண்டுக் கணக்கு நோட்டு

மடிப்பாக்கம், சென்னை
9-11-2025

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அம்மாவின் முழங்கால் வலி இன்னும் குறையவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்து வருத்தமாக இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன், வண்டிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி ஒன்றுக்கு முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதிய இரண்டு பக்கமும் ஷோரூமில் நிற்கிற பையன் பேசுவதைப்போல இருக்கவே கிழித்துப் போட்டுவிட்டு, என் எஸ்யூவியின் முன்பெட்டியில் கிடக்கும் கணக்கு நோட்டை எடுத்துவந்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். 2018 அக்டோபரில் வண்டி எடுத்த நாளிலிருந்து போட்ட டீசல், செய்த சர்வீஸ், மாற்றிய பாகம் எல்லாம் அதில் இருக்கின்றன. என் மனைவி அதை 'மளிகை நோட்டு' என்பாள். ஏழாண்டுகளில் 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

ஓடிய தூரத்தைவிட அதைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்ததுதான் எனக்குப் புதிது. அந்த 84,000-இல் சொந்த ஊரான கோவில்பட்டிக்குப் போய்வந்ததும் மற்ற வெளியூர்ப் பயணங்களும் சேர்ந்து ஏறக்குறைய 29,000. மீதி 55,000 கிலோமீட்டரும் இந்த ஊருக்குள்ளேயே ஓடியது. அதிலும் பெரும்பகுதி மடிப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி, கிண்டி, சைதாப்பேட்டை வழியாக நந்தனத்தில் உள்ள அலுவலகத்துக்குப் போய் அதே வழியில் திரும்பியது. குடும்பத்துக்கு என்று சொல்லித்தான் இந்த வண்டியை வாங்கினோம். ஆனால் நாலேகால் மீட்டர் நீளமும் ஐந்து இருக்கைகளும் உள்ள அதில், இத்தனை ஆண்டுகளாகப் பெரும்பாலான நாட்கள் நான் ஒருவனாக உட்கார்ந்து சைதாப்பேட்டை நெரிசலில் கிளட்சை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன் விலையை நோட்டே சொல்கிறது. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுத்த அதே 1.6 லிட்டர் டீசல் இன்ஜின் ஊருக்குள் 12-ஐத் தாண்டியதில்லை. 2021 அக்டோபரில் டீசல் நூறு ரூபாயைத் தாண்டிய வாரத்தில் நான் அலுவலகத்துக்குப் பேருந்தில் போனதாக ஒரு குறிப்பு இருக்கிறது. அது மூன்று நாள்தான் நீடித்தது என்பது அடுத்த வரியிலேயே தெரிகிறது. மொத்தத்தில் டீசலுக்கு மட்டும் ஐந்தேகால் லட்சம் ரூபாய் போயிருக்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காக மடிப்பாக்கம், கீழ்க்கட்டளைப் பக்கம் சாலையின் நடுவே தடுப்பு வைத்ததிலிருந்து, பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு நகரவேண்டிய இடங்கள் பல. இடது பக்கக் கதவில் இருக்கும் கீறல்களை எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

கிளட்ச் 61,000 கிலோமீட்டரில் போயிற்று. வெளியூர் மட்டுமே ஓடியிருந்தால் இன்னும் நெடுநாள் உழைத்திருக்கும் என்றார் மெக்கானிக். பேட்டரி இந்த வெயிலுக்கு மூன்றரை ஆண்டுகூடத் தாங்கவில்லை. நான்கு டயர்களையும் 2022-இல் மாற்றினேன், நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. பெரிய சக்கரம் என்றால் பெரிய விலை, இதை ஷோரூமில் யாரும் சொல்லமாட்டார்கள். தெருவுக்கு நான்கு வேகத்தடை இருப்பதால் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் அமைப்பில் உள்ள லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் இரண்டு முறை மாற்றியாயிற்று. ஊரடங்குக் காலத்தில் வண்டி நின்றபடியே நின்றபோது எலி ஒயரைக் கடித்துவிட்டது. அன்றிலிருந்து பானெட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடுகிறேன். பலன் உண்டா என்று கேட்காதே, மறுபடி கடிக்கவில்லை.

சர்வீஸ் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வாரண்டி இருந்தவரை கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். அங்கே ஒவ்வொரு முறையும் இன்ஜினுக்குள் கரி எடுக்கும் வேலை, அடிப்பகுதிப் பூச்சு, ஏசிக்குக் கிருமிநாசினி என்று நான் கேட்காததெல்லாம் ஜாப் கார்டில், அதாவது செய்யப்போகும் வேலைகளின் பட்டியலில், ஏறியிருக்கும்; ஆயில், மூன்று வடிகட்டிகள், பிரேக் சோதனை ஆகியவற்றுக்கு மேலே எழுதியவை எல்லாவற்றையும் என் எதிரிலேயே அடிக்கச் சொல்லி, பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். ஒருமுறை மறந்து கையெழுத்திட்டதில் ஆறாயிரம் ரூபாய் போயிற்று. வாரண்டி முடிந்தபின் கீழ்க்கட்டளையில் ஒரு மெக்கானிக்கிடம் விடுகிறேன். அவர் மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பணம் கேட்பார்.

இனி மழை. உனக்கு இந்த நிலைமை வராது, ஆனாலும் காப்பீட்டுக்காக இதைப் படி. எங்கள் குடியிருப்பு கட்டியபோது தெருவைவிட ஒரு அடி உயரத்தில் இருந்ததாம். பழைய தார் அடுக்கைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, இப்போது தெருதான் எங்களைவிட உயரம். 2023 டிசம்பர் 3-ஆம் தேதி மாலை மிக்ஜாம் புயல் மழை வலுத்தபோது வண்டியை வேறெங்காவது விடவேண்டும் என்று தோன்றியது. உயரமான வண்டிதானே, என்ன ஆகிவிடும் என்று மேலே போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் கீழே வந்து பார்த்தால் கதவின் பாதிவரை தண்ணீர்.

அந்த நேரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் சாவியைப் போடாததுதான். காற்று உள்ளிழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போயிருந்தால், பிஸ்டன் மேலே எழும்போது காற்றைப்போலத் தண்ணீரை அமுக்க முடியாது. அந்த அழுத்தத்தில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். எதிர் வீட்டுக்காரர் எப்படியாவது வெளியே எடுத்துவிடலாம் என்று ஸ்டார்ட் செய்தார், இரண்டாவது முறை திருப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முழுக் காப்பீடு இருந்தும் இன்ஜினுக்குப் பணம் கிடைக்கவில்லை. வெள்ளத்தால் நேராக வந்த சேதத்துக்குத்தான் அந்தப் பாலிசி, வெள்ளத்தில் நின்ற வண்டியை நாமே இயக்கியதால் வந்ததற்கு அல்ல என்றார்கள். அதற்கென்று இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாக எடுத்திருக்கவேண்டும். பாளையங்கோட்டையில் இருந்தாலும் அதை எடுத்துக்கொள். 2023 டிசம்பரில் தாமிரபரணி எப்படி வந்தது என்று நீதான் எனக்கு எழுதினாய்.

என் வண்டியை டோ செய்து எடுத்துப்போய் இருக்கைகளையும் தரைவிரிப்பையும் கழற்றி மூன்று நாள் காயவைத்தார்கள். முன்னிருக்கைகளின் அடியில் மஞ்சள் நிறத்தில் காற்றுப்பைக்கான ஒயர் இணைப்பு ஒன்று இருக்கும். அதில் ஈரம் ஏறி, எச்சரிக்கை விளக்கு ஒரு மாதம் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நாற்றம் போக அதைவிட அதிக நாளாயிற்று. காப்பீட்டுப் பணம் வந்தது. அதுவரை கிளெய்ம் செய்யாமல் சேர்த்து வைத்திருந்த 50 சதவீத போனஸ் தள்ளுபடி மொத்தமாகப் போனது. மறு ஆண்டு, 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் முதல் ஆளாக வேளச்சேரி மேம்பாலத்துக்குப் போனேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு முன்னே வரிசையாகக் கார்கள் நின்றன. பாலத்தின் மேல் வண்டியை விட்டுவிட்டு, தூறலில் குடையோடு நடந்து திரும்பிவந்தவர்களின் முகத்தில் ஏதோ பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வருகிற நிம்மதி.

இவ்வளவு எழுதியபின் 'அப்படியானால் விற்றுவிடு' என்பாய். விற்கமாட்டேன். காரணம் அந்த 29,000 கிலோமீட்டர்.

2022-இல் என் அம்மாவுக்கு மதுரையில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது உனக்குத் தெரியும். சில வாரங்கள் கழித்துச் சென்னைக்கு அழைத்துவரவேண்டும். ரயில் என்றால் படுக்கை கீழே கிடைத்தாலும் நடைமேடையிலிருந்து படியேற முடியாது. என் மைத்துனரின் செடான் காரில் முதலில் உட்காரவைத்துப் பார்த்தோம். அதில் உட்காருவது என்றால் தாழ்ந்த இருக்கையில் முழங்காலை மடக்கி இறங்குவது, எழுவது அதைவிடக் கடினம். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்கள். பிறகு என் வண்டியின் முன்கதவைத் திறந்து, திரும்பி நின்று, அப்படியே பின்னால் சாய்ந்து உட்காரச் சொன்னோம். இருக்கை சரியாக அவர்களின் இடுப்பு உயரத்தில் இருந்தது. மடக்கவும் வேண்டியதில்லை, ஏறவும் வேண்டியதில்லை. இருக்கையைப் பின்னால் தள்ளி, காலை நீட்டிவைத்து, மேலூர், திருச்சி, விழுப்புரம் என்று நிறுத்தி நிறுத்தி வீடு வந்து சேர எட்டரை மணி நேரமாயிற்று. இறங்கும்போது, "பஸ்ஸைவிட நல்லாருக்குடா" என்றார்கள். அம்மாவிடமிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

இது எல்லா எஸ்யூவிக்கும் பொருந்தாது என்பதைக் கவனி. நீ கேட்டிருக்கிற வண்டி லாரியைப்போல ஏணிச் சட்டத்தின்மேல் உடலைப் பொருத்திய வகை. மலைப்பாதைக்கும் கரட்டுக்கும் அது நல்லதுதான், ஆனால் இருக்கை மிகவும் உயரம். பக்கவாட்டில் படி வைத்தாலும் அந்தப் படியில் ஒற்றைக்காலால் எம்பவேண்டும். உன் அம்மாவால் அது முடியுமா? உனக்கு வேண்டியது தாழ்வும் இல்லாமல் உச்சமும் இல்லாமல் நடுவில் நிற்கிற உயரம்.

டீசலைப் பற்றியும் யோசி. என் வண்டி பிஎஸ்-4 என்ற பழைய புகை மாசு விதிக் காலத்தது, புகைக்குழாயில் கரி வடிகட்டி கிடையாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் அது உண்டு. சேர்ந்த கரி எரிந்துபோக வேண்டுமானால் வண்டி நல்ல சூட்டில், சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓடவேண்டும். நீ தினமும் பள்ளிக்கூடம், வங்கி, சந்தை என்று நாலு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துகிறவன். இன்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும், வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரியும், பிறகு அதற்காகவே நாற்கர சாலையில் கோவில்பட்டி வரை ஓட்டிவிட்டுத் திரும்பவேண்டும். என் ஊரைப் பார்க்க வந்ததாக அதைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்றால் சரி. இல்லையென்றால் உன் ஓட்டத்துக்குப் பெட்ரோலே போதும்.

வரி குறைந்துவிட்டது என்று அவசரப்படுகிறாய். உண்மைதான். நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் பெரிய இன்ஜினும் உள்ள எஸ்யூவிக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகியிருக்கிறது. ஆனால் நம் மாநிலத்தின் ஆயுள் வரியை 2023 நவம்பரில் உயர்த்தினார்கள். நான் வாங்கியபோது 15 சதவீதம் கட்டினேன், இப்போது பத்து முதல் இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆகவே ஷோரூம் விலையைப் பார்க்காமல், சாலைக்கு வரும் விலையை எழுதி வாங்கு. வெளியூர் அதிகம் போவாய் என்றால் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் எடுத்துவிடு: 200 முறை சுங்கச்சாவடியைக் கடக்கலாம், அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதுவரை. 2025 ஆகஸ்டில் அது வந்ததும் 3,000 ரூபாய்க்கு எடுத்தேன். பரனூர்ச் சுங்கச்சாவடியிலிருந்து எட்டூர்வட்டம் சுங்கச்சாவடி வரை வழியெல்லாம் முன்பு கைபேசி அடித்துக்கொண்டே வரும், இப்போது காசு கழிந்த செய்தி இல்லாமல் நிம்மதியாக இருக்கிறது.

ஏழு இருக்கை வேண்டுமா என்பதற்கு நேரான பதில் இது. நீங்கள் ஐந்து பேர். உறவினர் வந்தால் என்கிறாய். போன ஆண்டில் உறவினரோடு ஒரே வண்டியில் எத்தனை முறை போனீர்கள் என்று தங்கச்சியைக் கேட்டு எழுது, உன் கணக்கை நான் நம்பமாட்டேன். மூன்றாம் வரிசை இருக்கைகளை ஆள் உட்கார நிமிர்த்திவிட்டால் பின்னால் இரண்டு பைகூட நிற்காது. கோவில்பட்டியிலிருந்து திரும்பும்போது எங்கள் வண்டியில் அரிசி மூட்டை, கருப்பட்டிக் கூடை, சாத்தூர்ச் சேவு, கடலைமிட்டாய்ப் பெட்டி எல்லாம் ஏறும். இதில் எதை விட்டுவிட்டு ஆளை ஏற்றுவது?

டிசம்பர் கடைசி வாரம் ஊருக்கு வருகிறோம். ஒருநாள் காலையில் வண்டியோடு பாளையங்கோட்டைக்கு வந்துவிடுகிறேன். அதுவரை முன்பணம் கட்டாதே. அம்மாவை என் வண்டியின் முன்னிருக்கையில் உட்காரவைத்துப் பார்ப்போம்; அவர்களுக்கு ஒத்துப்போனால் தரையிலிருந்து இருக்கை எவ்வளவு உயரம் என்று அளந்து குறித்துக்கொண்டு, அந்த அளவோடு ஷோரூமுக்குப் போகலாம். தையல் டேப் ஒன்று எடுத்துவை, என்னிடம் இருந்ததை எலி கடித்துவிட்டது.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்