மெடலில் வேறு ஊர் ஆறு

நியூகாசில்,
19 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாத்தூர் அண்ணன் பார்சலோடு கொண்டுவந்து கொடுத்தார். நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் ஆசியக் கோப்பை ஹாக்கி. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தேடித் தேடிப் படித்தேன். கையெழுத்துக்கு மேலே ‘மற்றபடி எல்லாரும் நலம்’ என்று ஒரே வரிதான். அம்மா மட்டும் ஓரத்தில் பென்சிலால் ‘மூணு மாசமா ஒழுங்கா பேசவே இல்ல, என்னடி ஆச்சு’ என்று எழுதியிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லுங்கள். வீடியோவில் வந்தால் முகத்தைப் பார்த்து ‘இளைச்சிட்டே’ என்று தொடங்கிவிடுவாள், அதோடு நேரம் போய்விடும். ஓடுகிறவர்கள் இளைத்துத்தான் இருப்பார்கள்.

ராஜ்கீரில் நம் பையன்கள் கொரியாவை 4-1 என்று அடித்தார்களே, செப்டம்பர் 7, அதே நாளில்தான் இங்கே என்னுடைய ஓட்டம். கிரேட் நார்த் ரன் என்று பெயர். நியூகாசிலில் தொடங்கி சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் முடியும், 21 கிலோமீட்டர் சொச்சம். அறுபதாயிரம் பேர் ஓடுகிறார்கள். நம் செண்பகவல்லி அம்மன் தேரோட்டக் கூட்டம் முழுக்க டிரவுசர் போட்டுக்கொண்டு ஒரே திசையில் ஓடினால் எப்படியிருக்கும், அப்படி. 1981-இல் இதைத் தொடங்கியவர் பிரெண்டன் ஃபாஸ்டர். உங்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கலாம், 1976 மான்ட்ரியலில் 10,000 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். ஹாக்கியில் செயற்கைப் புல்தரையில் ஆடத் தெரியாமல் நாம் ஏழாவது இடத்துக்குப் போனோம் என்று இன்னமும் புலம்புவீர்களே, அதே ஒலிம்பிக்.

இதற்கு இடம் கிடைப்பது குலுக்கலில்தான். பெயர் கொடுத்ததே கூட வேலை பார்க்கும் சேச்சியின் வம்பு. கட்டணத்தையும் அவளே பிறந்தநாள் பரிசு என்று கட்டிவிட்டாள். அதனால் செலவு என்று எதுவும் இல்லை, அம்மா கவலைப்பட வேண்டாம்.

பயிற்சி எப்படி எடுத்தாய் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்கே ஓடித்தான் போகிறேன். ஒரு பாட்டி வீட்டில் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த பாட்டி வீட்டுக்கு ஓட்டம். பஸ்ஸில் போனால் அந்த நேரம் வீண்தானே? இந்த மாதம் ஷிப்டும் கொஞ்சம் குறைவு, அதனால் ஓட நன்றாகவே நேரம் கிடைக்கிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டவுன் மூரில் பார்க்ரன் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டர், இலவசம். 2004-இல் லண்டன் பக்கம் ஒரு பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியது, இப்போது ஊர் ஊருக்கு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் வரலாம், நடக்கலாம், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டும் ஓடலாம். எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு ஆள் உண்டு. கடைசி இடம் அவருக்குத்தான் என்பதால் வேறு யாரும் கடைசி ஆக முடியாது. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது.

டவுன் மூர் என்பது ஊருக்கு நடுவே கிடக்கும் பெரிய மேய்ச்சல் புல்வெளி. கோடை முழுவதும் அங்கே மாடுகள் மேயும். இந்த ஊரில் சில குடும்பங்களுக்குப் பழங்காலத்திலிருந்தே மாடு மேய்க்கும் உரிமை உண்டாம், அதை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. மழை பெய்து ஓய்ந்த காலையில் அந்தப் பக்கம் ஓடினால் சாணி வாசம் வரும். மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். நான் அங்கே கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுவேன்.

குளிரைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல? வட கடல் காற்று காதுக்குள் புகுந்து பல் வரை போகிறது. அடுத்த ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், அப்புறம் நாலரை மணிக்கே விளக்குப் போட வேண்டும். ஹீட்டர் நான் அதிகம் போடுவதில்லை. ஓடி வந்தால் உடம்பு சூடாக இருக்கிறது, அந்தச் சூட்டோடு சமைத்துச் சாப்பிட்டுப் போர்வைக்குள் போய்விடலாம். அம்மா அனுப்பிய பருப்புப் பொடி இன்னும் இருக்கிறது. கடலைமிட்டாய்தான் பாதி தீர்ந்துவிட்டது. இங்கே ஓட்டக்காரர்கள் பசைபோல ஒரு ஜெல்லைச் சின்னப் பையிலிருந்து உறிஞ்சுகிறார்கள், ஒன்றின் விலையில் நம் ஊரில் ஒரு கிலோ மிட்டாய் வாங்கலாம். நிலக்கடலையும் வெல்லமும் செய்யாததை அது என்ன செய்துவிடப் போகிறது? ஓட்டத்தன்று இடுப்புப் பையில் நம் கோவில்பட்டி மிட்டாய் நான்கு துண்டு வைத்திருந்தேன். ஜான் ரீட் சாலை என்று ஒரு ஏற்றம் இருக்கிறது, பத்து மைலுக்கு மேல் ஓடிக் களைத்த காலுக்கு அது முடியவே முடியாது. அங்கே பக்கத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். மென்றுகொண்டே என்னை முந்திப் போய்விட்டாள். நன்றி கெட்டவள்!

பக்கத்து வீட்டுக் கறுப்புவெள்ளைத் தாத்தாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கறுப்புவெள்ளைச் சட்டை போடும் நியூகாசில் கால்பந்து அணிதான் அவருக்கு உயிர். சௌக்கியம். ஆனால் செப்டம்பர் முதல் வாரம் முழுவதும் மனிதர் யாரிடமும் பேசவில்லை. எங்கள் அணியில் கோல் அடிக்கிற அலெக்சாண்டர் இசாக் லிவர்பூல் அணிக்குப் போய்விட்டான், 125 மில்லியன் பவுண்டுக்கு. போன மார்ச் 16 வெம்ப்ளி இறுதி ஆட்டத்தில் அதே லிவர்பூலுக்கு எதிராக இரண்டாவது கோல் அடித்து நமக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவன் அவன். ஆமாம், ‘நமக்கு’ என்றுதான் எழுதுகிறேன், சிரிக்காதீர்கள். இங்கிலாந்துக்குள் ஆடும் கோப்பை என்று பார்த்தால் 1955-க்குப் பிறகு அதுதான் முதல், எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் 1969-க்குப் பிறகு முதல். தாத்தா வீட்டு வரவேற்பறையில்தான் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். முடிந்ததும் அவர் எழுந்து போய்ச் சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். வெகுநேரம் திரும்பி வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை.

ஹாக்கியில் 1980 மாஸ்கோ ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகு டோக்கியோ வெண்கலம் வரும்வரை நீங்கள் காத்திருந்ததை அவரிடம் சொன்னேன். ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்த அன்று காலை, பல் விளக்காமல் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே கடைசிவரை நின்று பார்த்ததையும் சொன்னேன். ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “உன் அப்பாவுக்கு 41 வருஷம், எனக்கு 56” என்றார். இதில்கூடவா போட்டி!

இருபது கிலோமீட்டர் தள்ளி சண்டர்லேண்ட் இருக்கிறது, கால்பந்தில் நியூகாசிலுக்குப் பரம எதிரி. அவர்கள் சட்டை சிவப்பு வெள்ளைப் பட்டை. தாத்தா வீட்டில் அந்த இரண்டு நிறமும் சேர்ந்து எதுவும் நுழைய முடியாது, பற்பசைகூட. ஒரு நாள் நம் கோயில் படத்தைப் போனில் காட்டினேன். கோபுரத்தைப் பார்க்கவில்லை, குளத்தைப் பார்க்கவில்லை, மதில் சுவரில் காவியும் வெள்ளையுமாக அடித்திருக்கிறதே, அதில் போய்க் கண் நின்றுவிட்டது. “உங்கள் சாமி சண்டர்லேண்ட் ஆளா?” என்று கேட்டார். அது அங்கே எல்லாக் கோயிலிலும் உண்டு என்று சொன்னேன், அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

இப்படிப்பட்டவரிடம் என் மெடலை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன் பாருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜையில் வைத்து விரலால் தள்ளிவிட்டார். விஷயம் என்னவென்றால், அதில் நியூகாசிலின் டைன் ஆற்றையும் பாலங்களையும் வரைவதற்குப் பதிலாக, படம் போட்டவர்கள் சண்டர்லேண்ட் ஊரின் வேர் ஆற்றை வரைந்திருக்கிறார்கள்! பனியனிலும் அதே படம். மறுநாள் செய்தியிலும் வந்தது, மன்னிப்பும் கேட்டார்கள். ஊரே சிரித்தது, தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. நான் அதைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அவர் வரும்போது மட்டும் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவேன்.

மைதானத்துக்குப் போய் ஆட்டம் பார்க்கவில்லையா என்று எழுதியிருக்கிறீர்கள். செயின்ட் ஜேம்ஸ் பார்க் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, ஐம்பத்திரண்டாயிரம் பேர் உட்காரலாம். காற்று இந்தப் பக்கம் அடித்தால் எங்கள் தெருவுக்கே கூச்சல் கேட்கும். சத்தத்தை வைத்தே கோலா, தப்பிப்போனதா என்று இப்போது எனக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு டிக்கெட்? நேற்று வெளியூரில் ஆட்டம், பிரைட்டனில் 2-1 என்று தோற்றுவிட்டோம். தாத்தா ரேடியோவை அணைத்த ‘டக்’ சத்தம் சுவர் வழியாகக் கேட்டது.

ஓட்டத்தைச் சொல்லாமல் எங்கெங்கோ போகிறேன். டைன் பாலத்தைக் கடக்கும்போது கால் தரையில் இல்லை, அவ்வளவு சந்தோஷம். கேட்ஸ்ஹெட் தாண்டி வழி நெடுக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தெரியாதவர்களுக்கெல்லாம் ஆரஞ்சுச் சுளையும் ஐஸ்குச்சியும் நீட்டுகிறார்கள், பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு தட்டச் சொல்கிறார்கள். முதலில் வந்த கென்யாக்காரர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டாராம், எனக்கு இரண்டரை மணிக்கும் மேலே. கடைசியில் செங்குத்தாக ஒரு இறக்கம், இறங்கியதும் கண் முன்னால் கடல். அங்கிருந்து ஒரு மைல் கரையோரமாகவே ஓட வேண்டும். இரண்டு பக்கமும் கூட்டம். எல்லாரும் யாரையோ தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பெரியவர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் மகள் பெயரைச் சொல்லி ஓவென்று கத்தினார். எனக்கு நம் கிருஷ்ணா நகர் ஹாக்கி மைதானம் ஞாபகம் வந்துவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு “லெஃப்ட்ல குடு, லெஃப்ட்ல குடு” என்று கத்துவீர்களே. நான்தான் லெஃப்ட் ஹாஃப், எனக்கே பந்து வர வேண்டும் உங்களுக்கு. எதிர் அணிப் பிள்ளைகள் சிரிப்பார்கள், அன்றைக்கெல்லாம் உங்கள் மேல் அப்படிக் கோபம் வரும். அப்பா, அந்தக் கடைசி மைல் முழுக்க நான் கூட்டத்துக்குள் பார்த்துக்கொண்டே ஓடினேன். யார் நிற்கப் போகிறார்கள் என்று தெரியும், இருந்தாலும் பார்த்தேன். மெடல் போட்டுவிட்ட பெண் ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். வெயில் என்றேன்.

மெட்ரோ வரிசையில் நிற்கும்போதுதான் போனைத் திறந்தேன். கொரியாவுக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே சுக்ஜீத் கோல்! கூச்சல் போட்டுவிட்டேன். முன்னால் நின்றவர்கள் என் ஓட்டத்துக்குத்தான் சந்தோஷப்படுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

நாளைக்குத் தீபாவளி. எனக்குக் காலை ஷிப்ட், சாயங்காலம் சேச்சி வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். நல்லெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், தலைக்குத் தேய்க்கத்தான் ஆள் இல்லை. சரி, அதை விடுங்கள்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நவம்பர் 28-இலிருந்து டிசம்பர் 10 வரை நடக்கிறது, இந்த முறை 24 அணிகள். மதுரை ஆட்டம் ஒன்றாவது நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். தம்பி கூட்டிப் போகட்டும், ரயிலில் போங்கள். பஸ்ஸில் காலை நீட்ட முடியாது, பைக் வேண்டவே வேண்டாம். முழங்கால் ஆபரேஷனைப் பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளாதீர்கள். தம்பியைக் காப்பீட்டு அட்டையோடு போய், எந்த ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள், கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்.

அம்மாவின் செயினைத் திருப்பும் தேதி டிசம்பரில் வருகிறது. இப்போது திருப்ப வேண்டாம், வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வையுங்கள். தங்கம் விற்கிற விலைக்கு அது அங்கே இருப்பதுதான் பத்திரம். வட்டிப் பணம் அனுப்பிவிடுகிறேன், இந்த மாதம் பத்து நாள் முன்னே பின்னே ஆகலாம், அவ்வளவுதான். அத்தை மகள் வளைகாப்புக்கு என் பெயரில் தனியாக மொய் எழுத வேண்டாம், உங்கள் பெயரிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள். அத்தை கேட்டால் வளையல் நான் வரும்போது கொண்டுவருவேன் என்று சொல்லுங்கள்.

பெரியப்பா பொதுச் சுவரை இடித்துக் கட்டுவதாகத் தம்பி சொன்னான். கட்டட்டும், ஆனால் சர்வேயர் வந்து அளந்த பிறகுதான் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். தீபாவளிப் பலகாரத்தோடு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வருவார், நீங்கள் ஹாக்கி பேசிக்கொண்டே போட்டுக் கொடுத்துவிடுவீர்கள் என்றுதான் பயம். பத்திர நகலைத் தம்பி படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும், நான் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

பி.கு.: அம்மா, அடுத்த பார்சலில் முறுக்கு வேண்டாம், நொறுங்கிவிடுகிறது. கடலைமிட்டாய் மட்டும் இரண்டு பாக்கெட் கூடுதலாக வை. ஒன்று தாத்தாவுக்கு. சிவப்புப் பையில் கட்டாதே.