சிவப்புத் தொப்பி ஐயாவுக்கு

கடந்த பெப்ரவரியில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து நாங்கள் நாலு பேர் ஹாலிபர்டன் பக்கம் உறைந்த ஒரு சின்ன ஏரிக்கு, பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போனோம். துளை போட்ட இடத்தில் பனி பத்து அங்குலம் இருந்தது, அதனால் ஏரி முழுக்க அப்படித்தான் என்று நம்பிவிட்டோம். ஓடை வந்து விழும் மூலையில் நண்பனின் காலடியில் பனி உடைந்தது, இடுப்புவரை தண்ணீர்.

நாங்கள் அவனிடம் ஓடப் பார்த்தோம். "நில்லுங்கள்!" என்று கத்திக்கொண்டு உங்கள் குடிலிலிருந்து வந்தீர்கள். குப்புறப் படுத்து, ஊர்ந்து போய்க் கயிறு எறிந்தீர்கள். வெளியே வந்தவனை எழும்பவிடாமல் உருண்டு வரச் சொன்னீர்கள். அப்புறம் உங்கள் ஹீட்டர், உங்கள் மாற்றுக் காலுறை, சூடான தேநீர். எதையும் நாங்கள் கேட்கவில்லை.

புறப்படும்போது உங்கள் கழுத்தில் கிடந்த பனிக்குத்திகளை, தண்ணீரில் விழுந்தால் பனியில் குத்திப் பிடித்து ஏற உதவும் அந்தக் கூர்முனைகளை, கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டீர்கள். ஓடும் தண்ணீர் பனியை அடியிலிருந்து அரிக்கும், வெள்ளைப் பனிக்குத் தெளிந்த நீலப் பனியின் பாதிப் பலம்தான் என்று பொறுமையாகச் சொன்னீர்கள்.

பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை, ஐயா. அவன் நலமாக இருக்கிறான். அவனுடைய அம்மா உங்களைத் தினமும் விசாரிக்கிறார். உங்கள் பனிக்குத்திகள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. இந்தக் குளிர்காலம் அதே ஏரிக்குக் கொண்டுவருகிறோம்.