வலி நின்றுவிட்டது என்று சொன்னாயாம்

அன்பு மகள் கயலுக்கு,

ஏழாம் மாத ஸ்கேனில் தெரிந்த பித்தப்பைக் கல்லைப் பற்றி அதன்பின் நீ வாய் திறக்கவேயில்லை. தம்பியிடம் மட்டும் "வெறும் கேஸ்தான், வலி நின்றுவிட்டது" என்று சொன்னாயாம்.

அறுவைச் சிகிச்சை வார்டில் நான் செவிலியராக இருந்தபோது, பித்தம் குடலுக்குப் போகும் குழாயான பித்தநாளத்தில் கல் அடைத்து வந்தவர்கள் பலரும் இதையேதான் சொன்னார்கள். பெண்கள் அதிகம், வயதானவர்கள் அதிகம். ஆனாலும் பிரசவமாகிச் சில மாதங்களே ஆன உன் வயதுப் பெண்களும் வந்தார்கள். கர்ப்பகாலத்தில் பித்தப்பை மந்தமாகச் சுருங்குவதால் கல் சேர்கிறது. பிறகு சாப்பாட்டைக் குறைத்து வேகமாக எடை இறக்கினால் இன்னும் சேர்கிறது. பிள்ளையையும் வேலையையும் நீ ஒற்றை ஆளாகச் சமாளிப்பதில் எனக்குப் பெருமைதான். அதற்காக இரவில் பட்டினி கிடப்பதா?

பித்தப்பைக் கல் உள்ள பலருக்கு ஆயுள் முழுவதும் தொந்தரவே இராது. வலி கொடுக்கத் தொடங்கியவர்களில்தான் ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம் பேருக்கு நாளத்திலும் கல் இருக்கும். அது சற்று நகர்ந்தால் வலி நின்றுவிடும். கல் அங்கேயேதான் இருக்கும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிப்பெடுத்த பிறகும் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு காத்திருந்து, நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டதும் தூக்கி வரப்பட்டவர்களை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அடைபட்ட பித்தத்தில் கிருமி பெருகினால் அது இரத்தத்தில் கலக்க நெடுநேரம் ஆகாது. முதியவர்கள் சிலர் வலியே இல்லாமல், பிதற்றலும் சோர்வுமாக வந்தார்கள். பித்தப்பையை எடுத்த பின்னும் நாளத்தில் தங்கிய கல்லால் பெரியம்மா பட்ட பாடு உனக்குத் தெரியும்.

சாதாரண வயிற்று ஸ்கேனில் நாளத்துக் கல் சில வேளை தெரியாது. ஆகவே மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபினோடு கல்லீரல் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள், தேவையானால் பித்தநாளத்தைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேள். கல் இருந்தாலும் பயப்படாதே. வாய்வழியாகக் குழாய் செலுத்தி, நாளத்தின் வாயைச் சிறிது வெட்டிக் கல்லை எடுக்கும் முறை 1974 முதலே இருக்கிறது. பட்டினி மட்டும் கிடக்காதே.

மாப்பிள்ளையிடம் நான் எதுவும் பேசவில்லை, நீயே சொல்லிவிடு. இந்த வாரமே பரிசோதனை செய்து முடிவை எனக்கு அனுப்பு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் புறப்பட்டு வருகிறேன். எந்த நாள் வரட்டும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா