செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் காலையிலேயே லாயத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ரேஸ் ஓட்டம் முடிந்த குதிரைகளை எடுத்துப் பழக்கி, நல்ல வீடுகளுக்குக் கொடுக்கும் நம் சங்கத்திடம் 2024 ஏப்ரல் 1ஆம் தேதி 7 குதிரைகள் இருந்தன. ஆண்டுக்குள் 6 புதிதாக வந்தன. 4 குதிரைகளுக்கு நல்ல இடம் கிடைத்தது. முன்பு கொடுத்திருந்த ஒன்றைத் திரும்ப அழைத்து வந்தோம். ஒன்று இறந்துபோனது. 2025 மார்ச் 31 அன்று லாயத்தில் இருந்தவை 9. திரும்பி வந்த அந்த ஒன்றைப் பற்றித்தான் இன்று நான் முக்கியமாகப் பேச வேண்டும். அதற்கு முன் மற்ற விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்த ஆறும் ரேஸில் ஓடிய, ரேஸுக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனக் குதிரைகள். வயது 4 முதல் 8 வரை. இரண்டு வயதில் ஓடத் தொடங்கும் குதிரை பெரும்பாலும் ஏழெட்டு வயதுக்குள் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. நன்றாகக் கவனித்தால் 25 வயது வரைகூட இருக்கும். மைதானத்தை விட்டு வந்தபின் அதற்கு இருக்கும் அந்த நீண்ட காலத்துக்காகத்தான் நம் சங்கமே இருக்கிறது.

கிண்டியில் 1777இலிருந்து குதிரைகள் ஓடியிருக்கின்றன. 1974இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் ரேஸ் திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்ததால் பந்தயம் தொடர்ந்தது. 2024 ஜூனில் ஊட்டி மைதானத்தையும், செப்டம்பரில் 160 ஏக்கருக்கு மேற்பட்ட கிண்டி நிலத்தையும் குத்தகை பாக்கிக்காக மீட்க அரசு நடவடிக்கை எடுத்தது. நிலம் யாருக்கு, பந்தயம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நம் உறுப்பினர்களுக்குள்ளேயே பல கருத்துகள் உண்டு. சங்கமாக நாம் எதுவும் சொல்வதில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த வாரங்களில் என் போனுக்கு வந்த அழைப்புகளை மறக்க முடியாது. "குதிரையை எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டவர்களில் பாதிப் பேர் குதிரையைப் பராமரிக்கும் சயிஸ்கள். ஓனர் கேட்கவில்லை. தினமும் தேய்த்துவிட்டு, தீனி போட்டு, இரவில் பக்கத்திலேயே படுத்தவர்கள் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்ல நம்மிடம் இடம் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

புதிய உறுப்பினர்கள் பலர் வந்திருப்பதால், குதிரை வந்ததும் நாம் என்ன செய்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் சேணமே வைப்பதில்லை. ரேஸ் குதிரை காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே போகும், மிச்ச நேரமெல்லாம் லாயத்துக்குள் நிற்கும். திறந்த திடலில் இன்னொரு குதிரையோடு நிற்பது எப்படி என்றே பலவற்றுக்குத் தெரியாது. அவிழ்த்துவிட்டால் வேலியோரமாகவே நடந்து நடந்து மண்ணில் தடம் பதித்துவிடும். அதனால் முதலில் நம் வயதான வெள்ளைக் குதிரையோடுதான் விடுகிறோம். அது எதற்கும் பதறாது. அது தலையைக் குனிந்து மேய்வதைப் பார்த்து, இரண்டு மூன்று வாரத்தில் புதியதும் தலையைக் குனிந்துவிடுகிறது. நம் மூத்த சயிஸ் அண்ணன் இதை "தலை இறங்கிடுச்சு" என்பார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை.

தீனியையும் திடீரென்று மாற்றக் கூடாது. ஓட்டத்துக்காகக் கொடுத்த ஓட்ஸை வாரம் வாரமாகக் குறைத்து, புல்லைக் கூட்டுகிறோம். குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்குச் சிறியது. தின்றாலும் தின்னாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது ஊறும் எச்சில்தான் அதைத் தணிக்கும். தானியத்தை வேகமாகத் தின்றுவிட்டு மணிக்கணக்கில் சும்மா நிற்கும் ரேஸ் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப்புண் இருப்பது இதனால்தான். இந்த ஆண்டு வந்த ஆறில் நான்குக்கு அதற்கு வைத்தியம் பார்த்தோம். நேப்பியர் புல்லை மட்டுமே போட்டால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது என்று டாக்டர் எச்சரித்ததால், பக்கத்து விவசாயி ஒருவரிடம் சொல்லிக் குதிரைமசால் பயிரிடச் செய்திருக்கிறோம். வாரம் மூன்று நாள் பசுமையாக வருகிறது.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று ஊரில் சொல்வார்கள். கள்ளக் குதிரைக்குச் சொன்ன பழமொழி அது. ஜூலையில் வந்த செவலை அப்படியேதான் செய்தது. கடிவாளத்தைக் கண்டாலே தலையை உயரத் தூக்கிக்கொள்ளும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த நம் டாக்டர் வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்திபோலக் கூர்ந்து, உள்கன்னமெல்லாம் கிழிந்து புண்ணாகியிருந்தது. குதிரைக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அரத்தால் ராவிவிட வேண்டும். ராவி, புண் ஆறிய பத்தாம் நாள், தானாக வாயைத் திறந்து கடிவாளத்தை வாங்கிக்கொண்டது. இத்தனை நாள் அதைக் கள்ளம் என்று நினைத்து யாரெல்லாம் அடித்தார்களோ தெரியவில்லை.

பழக்குவதில் நாம் கற்றுக்கொடுப்பதைவிட, மறக்க வைப்பதுதான் அதிகம். ஜாக்கி, சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியைக் குட்டையாக வைத்து, முதுகுக்கு மேலே தொங்கியபடி ஓட்டுகிறார். அவர் கடிவாள வாரைப் பிடித்து இழுத்தால் குதிரை அதில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடும். சாதாரணமாகக் குதிரை ஏறுபவர் நிறுத்தத்தான் வாரை இழுக்கிறார். ஒரே சைகைக்கு இரண்டு நேரெதிர் அர்த்தம். புதிதாக ஏறியவர் பயந்து இழுக்க இழுக்கக் குதிரை பறப்பதும், "திமிர் பிடித்த குதிரை" என்று பேர் வாங்குவதும் இப்படித்தான். விலாவில் கால் படுவதும் அதற்குப் புதுசு. ஒருவர் ஏறும்வரை அசையாமல் நிற்பதும் புதுசு. ஜாக்கியை நடந்துகொண்டிருக்கும் குதிரைமேல் தூக்கிவிடுவார்கள். ஆகவே முதலில் நீளக் கயிற்றில் வட்டமாக நடை, பிறகு இரண்டு வார் பிடித்துப் பின்னால் நடந்தபடி திருப்பப் பழக்குதல், பிறகு படிமேடை பக்கத்தில் சும்மா நிற்றல். அந்தச் சும்மா நிற்பதற்கு மட்டும் ஒரு மாதம் ஆன குதிரை நம்மிடம் உண்டு. மாலை நேரத்தில் வந்து பொறுமையாக அதன் பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர்கள் மூவருக்கும் இந்தக் கூட்டத்தில் நன்றி சொல்கிறேன்.

மே மாதம் கறுப்புக் குதிரைக்கு வேர்வை நின்றுபோனது. கடலோரப் புழுக்கத்தில் தரோபிரெட்களுக்கு இது வரும். உடம்பு காயும், மூச்சு இரைக்கும், வேர்வை மட்டும் வராது. வெள்ளைக்காரர்கள் இங்கே கொண்டுவந்த குதிரைகளிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். மின்விசிறி, உப்புக் கலந்த தண்ணீர், ஒரு நாளைக்கு நான்கு முறை குளியல் என்று செப்டம்பர் வரை ஓட்டினோம். அதைக் குளிர்ந்த ஊருக்கு அனுப்புவதுதான் சரி என்று டாக்டர் சொன்னதால், ஓசூர் பக்கம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். இப்போது நன்றாக வேர்க்கிறதாம். இந்த ஆண்டு எனக்கு வந்த போன்களில் அதிக சந்தோஷம் தந்தது அதுதான்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நம் திடலில் முழங்கால் அளவு தண்ணீர். சயிஸ்கள் இருவரும் வீட்டுக்குப் போகவில்லை. குதிரைகளைப் பின்னால் உள்ள மேட்டில் கட்டி, விடியும்வரை கூடவே நின்றார்கள். ஒரு குதிரையைக்கூட நாம் இழக்கவில்லை. ஈரத்தில் மூன்றுக்குக் குளம்பு அழுகல் வந்தது, ஜனவரிக்குள் சரியாகிவிட்டது. லாயத்தின் தரையை ஒன்றரை அடி உயர்த்தும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. தயவுசெய்து நிறைவேற்றித் தாருங்கள்.

பிப்ரவரியில் நம் பழுப்பு நிறப் பெண்குதிரை இறந்தது. டாக்டர்கள் கோலிக் என்று சொல்லும் வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் முறுக்கிக்கொண்டால் உள்ளே வந்ததற்கு வெளியேற வழியே இல்லை. இரவு பத்து மணிக்குப் புரளத் தொடங்கியது. நடத்திப் பார்த்தோம், ஊசி போட்டோம், குழாய் விட்டோம். மூன்று மணிக்கு டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் அதற்கு வலி மட்டும்தான் என்றார். சம்மதம் சொன்னது நான். அதை வளர்த்த சயிஸ் அதன் தலையை மடியில் வைத்திருந்தார். மறுநாள் திடலின் வடக்கு மூலையில் உப்பும் சுண்ணாம்பும் போட்டுப் புதைத்தோம். அங்கே ஒரு புங்கமரம் நட்டிருக்கிறோம்.

இனி, திரும்பி வந்த குதிரை. 2023இல் நாம் ஒருவருக்கு ஒரு சாதுவான ஆண்குதிரையைக் கொடுத்தோம். பிள்ளைகளுக்காக, தோட்டத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றார். போய்ப் பார்த்தோம், நிழலும் இடமும் இருந்தன. அதன் பிறகு ஏழு மாதம் நாம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போனில் கேட்டால் "நல்லா இருக்குங்க" என்பார், நாமும் அத்தோடு விட்டுவிடுவோம். 2024 ஜூனில் உறுப்பினர் ஒருவர் ஒரு கல்யாண ஊர்வலத்தில் அந்தக் குதிரையைப் பார்த்திருக்கிறார். வெடிச் சத்தத்துக்கும் செண்டை மேளத்துக்கும் நடுவே, தார் ரோட்டில், ஜரிகைத் துணியின் கீழே முதுகெல்லாம் சேணப் புண்ணோடு. நெற்றிச் சுழியை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறார். விலா எலும்பை எண்ண முடிந்தது. விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, விட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால் நான்கு நாளில் அழைத்து வந்துவிட்டோம். அவர் சண்டை போடவில்லை. தீனிச் செலவு தாங்கவில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது என்றார்.

அவர்மேல் மட்டும் குற்றம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஒரு குதிரைக்கு மாதம் 18,000 ரூபாய்க்குக் குறையாமல் ஆகும் என்று நாம் வாயால் சொன்னோமே தவிர, எழுதிக் காட்டவில்லை. முடியாமல் போனால் வெட்கப்படாமல் எங்களைக் கூப்பிடுங்கள் என்றும் சொல்லவில்லை. முக்கியமாக, போய்ப் பார்க்கவில்லை. கொடுத்து அனுப்பிய அன்றே நம் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அது நான் செயலாளராக இருந்தபோது நடந்தது. அதற்கு உங்கள் முன் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதற்குப் பிறகு செயற்குழு முடிவு செய்தபடி, கொடுத்த குதிரையை முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கிறோம். சொல்லிவிட்டும் போகிறோம், சொல்லாமலும் போகிறோம். முதுகு, குளம்பு, பல், எடை நான்கையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறோம். இந்த ஆண்டு கொடுத்த நான்கையும் இப்படிப் பார்த்தாகிவிட்டது. பழைய ஆண்டுகளில் கொடுத்தவற்றில் 11ஐப் பார்த்தோம். இன்னும் 3 பாக்கி. அதில் ஒன்று கோயம்புத்தூர் பக்கம், இரண்டு திண்டிவனம் பக்கம். கடற்கரையில் சவாரிக்கு விடக் கேட்டு வந்தவர்களுக்கு இந்த ஆண்டும் குதிரை கொடுக்கவில்லை. அவர்கள் பிழைப்பும் எனக்குப் புரிகிறது. ஆனால் கால் தசைநாண் அடிபட்டு வந்த குதிரையை நாள் முழுக்க மணலில் நடத்தக் கூடாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சயிஸ்கள் இருவரின் சம்பளத்தை உயர்த்தும் தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன்.

திரும்பி வந்த குதிரை எட்டு மாதத்தில் தேறிவிட்டது. முதுகில் புண் இருந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்திருக்கிறது. பட்டாசுச் சத்தம் கேட்டால் இன்னும் நடுங்குகிறது. தீபாவளி வாரத்தில் இரவு அதன் கூடத் தங்க இரண்டு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்